கை நனைக்கும் முன் ஒரு ரவுண்டு

புறப்படும்போதே வானதி சொல்லித்தான் அனுப்பினாள்.

"அப்பா, அங்க போயி வண்டிப் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க. பிரபுவோட அப்பா யெஸ்டி வச்சிருக்காரு. நீங்க ஒண்ணு சொல்ல, அவரு ஒண்ணு சொல்ல..."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் குணசேகரன், தன் ஆர்.எக்ஸ். நூறு மோட்டார் சைக்கிளின் டேங்கை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டே. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோமே, ஒரு கார் வைத்துக்கொள்ளக்கூடாதா என்று அவர் மனைவி அம்சம் மூன்று நாளாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். கொரடாச்சேரியிலிருந்து கீழ்வேளூர் என்ன காசியா ராமேஸ்வரமா என்று அவர் மடக்கிவிட்டார். அம்சத்தின் தம்பி இராஜாங்கம் புதுச்சட்டை கசங்கிவிடாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

குணசேகரனின் மனசு முன்பே சம்மதித்துவிட்டது. வானதியும் பிரபுவும் திருவாரூரில் ஒன்றாகப் படித்தவர்கள். பிரபு சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், பொங்கலுக்கு வந்திருக்கிறான். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா" என்று மகள் நேராக வந்து சொன்ன அன்று அவர் கோபப்படவில்லை. இதைச் சொல்லத் தன்னிடம் வந்தாளே என்று உள்ளூரப் பெருமைதான் பட்டார். இனமும் ஒன்று, நிலபுலமும் ஏறக்குறைய ஒன்று. முறைப்படி மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கவேண்டும், பிடித்திருந்தால் அங்கே கை நனைக்கவேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அந்தப் பக்கத்தில் கை நனைப்பது என்பது வெறும் சாப்பாடு இல்லை. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீட்டு இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மனசு ஒப்பவில்லையென்றால் காப்பியோடு எழுந்து, "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறோம்" என்று கும்பிட்டுவிடுவார்கள். அதற்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

அதனால் அன்று காலையிலிருந்தே பிரபுவின் அம்மா ராஜாத்தி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

வீடு பார்த்தவுடனே பிடித்துப்போனது. பெருக்கித் தெளித்த வாசல், கொல்லையில் இரண்டு கறவை, அறுவடைக்கு நிற்கிற சம்பா. காப்பி வந்தது. பிரபு வெட்கத்தோடு ஒரு ஓரமாக நின்றான். குணசேகரனின் செல்போனில் சார்ஜ் இறங்கியிருந்ததால் அவனே அதை வாங்கி உள்ளே செருகி வைத்தான். எல்லாம் அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிரபுவின் அப்பா வீரையன் வாசலை எட்டிப் பார்க்கும்வரை.

"ரெண்டு பேரும் இந்தக் கொசுவுலயா வந்தீங்க?" என்றார் வீரையன். பெரிய மீசை, பெரிய சிரிப்பு. கிண்டலில் விஷம் ஒன்றும் இல்லை.

இராஜாங்கம் மெல்லக் குணசேகரனின் தொடையில் கை வைத்து அழுத்தினான். குணசேகரன் காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். இரண்டாவது மடக்கையும் குடித்தார்.

"கொசுதாங்க," என்றார். "ஆனா அந்தக் கொசு பறந்தா புடிக்கிறதுக்கு இந்த ஜில்லாவுல வேற வண்டி இல்லை."

"பறந்து எங்க போகும்? முன்வீலு தூக்கிக்கிட்டு வாய்க்கால்ல விழும். நம்ம யெஸ்டி மேல ரெண்டு மூட்டை நெல்லை வச்சு, அது மேல என் மச்சினனையும் உக்கார வச்சு, மழைக்காலத்து வரப்புல ஓட்டியிருக்கேன். ஒரு சறுக்கல் இல்லை."

"மூட்டை தூக்கணும்னா மாட்டு வண்டி போதுமே. மோட்டார் சைக்கிள் எதுக்கு?"

"என்னங்க, இலை போட்டுடவா?" என்று உள்ளேயிருந்து ராஜாத்தி குரல் கொடுத்தாள். யார் காதிலும் அது விழவில்லை.

"சத்தத்தைச் சொல்லுங்க," என்றார் வீரையன். "ரெட்டை சைலன்சர். ரோட்டுல திரும்பும்போதே ராஜாத்தி உலையில அரிசி போட்டுடுவா."

"ஆர்.எக்ஸ். சத்தம் கேட்டா ஊருப் பயலுவ திரும்பிப் பாப்பானுவ. ஆக்சிலேட்டரை முறுக்குனா ஒரே இழுப்பு. உங்க வண்டி முறுக்குனதுக்கு நாளைக்குப் பதில் சொல்லும்."

"கிளட்ச் புடிக்காமயே கியர் மாத்தலாம், தெரியுமா?"

"எல்லாந் தெரியும். பெட்ரோலுக்குள்ள ஆயிலை அளந்து ஊத்திக் குலுக்கணும், கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற மாதிரி. அதுவுந் தெரியும். எங்க வண்டியில ஆயிலுக்குத் தனி டேங்கு. அதுவே எடுத்துக்கும். பெட்ரோலைப் போட்டோமா, போனோமான்னு இருக்கும். உங்களுது எருமைங்க. குளிப்பாட்டி, தீனி வச்சு..."

எருமை என்ற சொல் விழுந்ததும் வீரையனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அந்த வண்டிக்கு ஒரு பிஸ்டன் தேடித் திருச்சி, சேலம், சென்னை என்று அலைந்து, புரட்டாசியில்தான் இன்ஜின் வேலை முடித்திருந்தார். பிரபு வாயைத் திறந்து, "ரெண்டுமே புகைதானேப்பா..." என்று ஆரம்பித்தான். இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வீரையன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினார். "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க. ஓட்டாம பேசுறது நியாயமில்லை, சம்பந்தி."

இன்னும் கை நனைக்காதவரைச் சம்பந்தி என்கிறாரே என்று கதவுக்குப் பின்னால் ராஜாத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு ரவுண்டு. வந்து சாப்பிடுறேன்," என்றார் குணசேகரன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து வலது காலால் கிக்கரைத் தேடினார். கிக்கரைக் காணோம். பிரபு ஓடிவந்து இடதுபக்கக் கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே தூக்கிக் காட்டினான். "கியர்தான் மாமா கிக்கர்." மாமா என்ற சொல் இருவர் காதிலும் விழுந்தது. இருவருமே கேட்காதது மாதிரி இருந்துகொண்டார்கள். ஒரே உதையில் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் குணசேகரனுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. வண்டி நன்றாக இருந்தது. நன்றாக என்றால், மனசுக்குள் ஒப்புக்கொள்ளவே கூச்சமாக இருக்கிற அளவுக்கு. ஆர்.எக்ஸ். பிடரியைப் பிடித்துத் தள்ளும். இது தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனது. திரும்பிப் போனதும் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று யோசித்தபடி ஓட்டினார்.

பெட்ரோல் ரிசர்வுக்கு வந்து வண்டி விக்கியது. அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டினால் பெட்ரோல் போடாமல் திருப்பித் தருகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதுவும் இது மகள் வாழப்போகிற வீட்டு வண்டி. எதிரில் தெரிந்த பங்கில் நிறுத்தி, "ஃபுல் பண்ணுப்பா" என்றார்.

பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் நினைப்பு அங்கே இல்லை. சித்திரையில் கல்யாணம் என்றால் ஆடிக்கு முன்னால் வானதி விமானம் ஏறிவிடுவாள். சாயங்காலம் பேங்க் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாளே, அந்த நேரத்துக்கு இனிமேல் தான் என்ன செய்துகொண்டிருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் திருகிவிட்டு வண்டியை எடுத்தார்.

சிக்கல் கோபுரம் தெரிகிறவரை போய்விட்டு, ஓடம்போக்கி ஆற்றங்கரை வழியாகத் திரும்பினார். காற்று குளிர்ச்சியாக வந்தது. ஆசை தாளாமல் முறுக்கினார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகையே இல்லை. எருமை நம் கைக்கு வந்ததும் சுத்தமாக ஓடுகிறதே என்று அதற்கும் சந்தோஷப்பட்டார்.

சட்டென்று வண்டி யாரோ பின்னாலிருந்து இழுத்த மாதிரி இறுகியது. கீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே இழுபட, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் கோடு கிழித்துக்கொண்டுபோய் நின்றது. கீழே விழாதது அவர் புண்ணியம்.

"யோவ்! கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?" கையில் நெல் தள்ளும் பலகையோடு ஓடிவந்தாள் நெல்லுக்குக் காவலிருந்த ஞானாம்பாள். அவருடைய வெளுத்த முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "அடிகிடி பட்டுச்சா?"

"இல்லைம்மா. மன்னிச்சுக்க. நெல்லை நானே அள்ளி விடுறேன்."

"நெல்லு கெடக்கட்டும். அந்த நிழல்ல உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நியூட்ரலில் போட்டு உதைத்துப் பார்த்தார். லீவர் கல் மாதிரி நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்று பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். டூல்ஸுக்கு மேலே, துணியில் சுற்றி, அளவுக் குப்பியோடு பத்திரமாகப் படுத்திருந்தது டூ-டி ஆயில் பாட்டில்.

 தெரியாமல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவர்தான் பால் கரைக்கிற கதையைச் சொல்லி எகத்தாளம் பண்ணினார். பெட்ரோலைப் போட்டோமா, போனோமா என்று இத்தனை வருஷம் பழகிய கை அது. நினைப்பு இல்லாத நேரத்தில் தன் வழக்கப்படி மூடியைத் திருகிவிட்டது. எண்ணெய்ப் பசை இல்லாமல் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. மூன்று ஊர் அலைந்து வாங்கிய பிஸ்டன்.

செல்போன் வீரையன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஞானாம்பாள் தன் போனை நீட்டினாள். யாருக்குப் போடுவது? வீரையன் நம்பர் சார்ஜில் கிடக்கிற தன் போனுக்குள்தான் இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா!" முதல் மணியிலேயே எடுத்த வானதி அவர் குரலைக் கேட்டதும் கத்தினாள். "எங்கப்பா இருக்கீங்க? யாரு என்ன சொன்னாங்க?"

"யாரு என்ன சொல்லணும்?"

"பிரபு இப்பதான் பேசினாரு. ஒரு ரவுண்டுன்னு போனவரு ஆளைக் காணோம், ஊருக்குள்ள விசாரிக்கத்தான் போயிருக்காரு, யாரோ எதையோ சொல்லிட்டாங்க, அதான் கை நனைக்க வரலைன்னு அவங்கம்மா அழுவுறாங்களாம். ராஜாங்கம் மாமா வேற, எங்க மச்சான் கோவக்காரருன்னு எடுத்துக் குடுத்திருக்காரு." மூச்சு வாங்கினாள். பிறகு மெதுவாக, "பிடிக்கலையாப்பா? பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்கிற குரல் அது இல்லை. 

"பிடிச்சிருக்கும்மா. வீடு, மனுஷங்க, எல்லாம் பிடிச்சிருக்கு. நான்தான் ஒரு காரியம் பண்ணிட்டேன். அவரு வண்டிக்கு வெறும் பெட்ரோலைப் போட்டு ஓட்டிட்டேன். இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு."

 அழுகிறாளோ என்று பயந்தார். சிரிப்பும் அழுகையும் கலந்து ஏதோ கேட்டது. "ஆயில் கலக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கே ஆயிரம் தடவை சொல்லியிருக்கீங்களே."

"மறந்துட்டேன்."

"அப்படி எதை நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "உன்னைத்தான்," என்றார்.

ஞானாம்பாள் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்கு நெல் தள்ளப் போய்விட்டாள். இருக்கிற இடத்துக்கு அடையாளம் கேட்டு வாங்கிக்கொண்டு வானதி போனை வைத்தாள்.

காத்திருந்த நேரத்தில் குணசேகரன் கலைந்த நெல்லைக் கையாலேயே சேர்த்துப் பரப்பினார். பரப்பிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். உயிராக வைத்திருக்கிற பொருளைக் கெடுத்துவிட்டு, அந்த வீட்டு இலையில் போய் உட்கார முடியாது. முதலில் வண்டியைச் சரிசெய்து கொடுப்பது. பிறகு இன்னொரு நாள் வந்து கை நனைப்பது. பிரபு அடுத்த வாரம் கிளம்பிவிடுவானே என்ற நினைப்பு வந்தது. 

தூரத்தில் சத்தம் கேட்டது. தன் வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியாதா? ஆர்.எக்ஸ்.தான், ஆனால் அவர் ஒருநாளும் ஓட்டாத வேகத்தில். மீசை காற்றில் பறக்க வீரையன் வந்து நின்றார்.

"அடி ஒண்ணுமில்லையே?"

"இல்லைங்க. ஆனா வண்டி..."

வீரையன் இறங்கி யெஸ்டியிடம் போனார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வெறும் பெட்ரோல். இன்ஜின் மேல் கையை வைத்தார், சூட்டில் எடுத்துக்கொண்டார், மறுபடி வைத்தார். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோலத்தான் இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று குணசேகரனுக்குத் தோன்றியது.

"என் தப்புதாங்க," என்றார். "தெரிஞ்சே மறந்துட்டேன். பிஸ்டன் எந்த ஊர்ல கெடைச்சாலும் நான் தேடிக் கொண்டாந்து மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் எந்த முகத்தோட உங்க வீட்டுல உக்காந்து சாப்பிடுறது? தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு நாளைக்கு வந்து..."

வீரையன் நிமிர்ந்தார். இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு உங்க பொண்ணு எங்க வீட்டுல வந்து ஒரு பொருளைக் கைதவறிப் போட்டு உடைச்சிருச்சுன்னு வைங்க. அதைச் சரிபண்ணிக் குடுத்துட்டு அப்புறம் சாப்பிடுன்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுவனா நான்?"

 காலையிலிருந்து குணசேகரன் அந்த வீட்டின் கூரையைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், சம்பாக் கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தார். பார்க்கவேண்டியது இது ஒன்றுதான் என்று இப்போது தோன்றியது. சிங்கப்பூரோ கீழ்வேளூரோ, எங்கே இருந்தாலும் அவள் ஒருநாள் எதையாவது மறப்பாள். அவர் மகள்தானே. அன்றைக்கு அவளுக்குச் சோறு உண்டு.

"இருக்கட்டும்," என்றார் வீரையன், மீசையைத் தடவிக்கொண்டு. "ஜாம் ஆவறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"அதை எதுக்கு இப்ப..."

"என் வண்டியைக் கெடுத்தீங்கள்ல? சொல்லித்தான் ஆவணும்."

குணசேகரன் சுற்றிலும் பார்த்தார். ஞானாம்பாளைத் தவிர யாருமில்லை. "நல்ல வண்டிங்க," என்றார். "ரொம்ப நல்ல வண்டி. நெஞ்சுல கைய வச்சுச் சொல்றேன்."

வீரையனின் பெரிய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

"என் வண்டி எப்படி இருந்துச்சு?" என்று குணசேகரன் கேட்டார்.

"கொசுதான்," என்றார் வீரையன்.

கயிறு இல்லை. யெஸ்டியை நியூட்ரலில் தள்ளி வீரையன் ஏறி உட்கார்ந்துகொண்டார். குணசேகரன் தன் ஆர்.எக்ஸில் ஒட்டினாற்போல் வந்து, ஒரு காலை நீட்டி யெஸ்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து அழுத்தித் தள்ளினார். பழைய வண்டிக்காரர்கள் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற வழி அதுதான். கொசு முனகியது, திணறியது, பிறகு இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஆற்றங்கரையோரம் இரண்டு வண்டியும் அக்கம்பக்கமாகப் போயின.

"இப்ப யாரு யாரைத் தூக்கிட்டுப் போறது?" குணசேகரன் காற்றில் கத்தினார்.

"எல்லாம் இறக்கம்! அதான் வருது!"

"இந்த நாட்டுல இறக்கம் எங்கங்க இருக்கு? எல்லாம் சமதரை!"

வாசலில் ராஜாத்தி நின்றாள், கண்கள் சிவந்திருந்தன. ஒரு கால் அந்த வண்டியிலும் உடம்பு இந்த வண்டியிலுமாகச் சிரித்துக்கொண்டு வந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல், "அண்ணே, கை கழுவிட்டு வாங்க. சாம்பார் ரெண்டு தடவை சூடு பண்ணிட்டேன்" என்றாள்.

இலை போட்டாள். குணசேகரனும் இராஜாங்கமும் உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, நெய். வீரையன் எதிரில் நின்று, "நல்லா போடு, மனுஷன் மூட்டை இழுத்துட்டு வந்திருக்காரு" என்றார். ராஜாத்தி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். குணசேகரன் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கதவோரம் நின்ற பிரபு அப்போதுதான் மூச்சு விட்டான்.

உள்ளே அவருடைய போன் அடித்தது. பிரபு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான். திரையில் வானதி பெயர். மாமாவின் இரண்டு கையையும் பார்த்தான். ஒன்றில் சோறு, இன்னொன்றில் ராஜாத்தி கொடுத்த வடை. போனை அவர் காதில் தானே வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா," என்றாள் வானதி. அதற்குமேல் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. "என்னப்பா பண்றீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேம்மா," என்றார் குணசேகரன்.

 பிரபு குனிந்து தானும் காதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ரசம் வாங்கிக்கங்கப்பா," என்றாள். "அத்தை ரசம் நல்லா வைப்பாங்களாம்."